400 ஆட்டம், 137 கோல், ஒரு தொப்பி

1925ஆம் ஆண்டு ஒக்டோபர் 24, சனிக்கிழமை. பெல்ஃபாஸ்ட் நகரில் இங்கிலாந்தும் அயர்லாந்தும் மோதிய உதைபந்தாட்டத்தில் இரு தரப்புக்கும் ஒரு கோல்கூடக் கிடைக்கவில்லை. அன்றைக்கே இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் பிளிமத் ஆர்கைல் என்ற மூன்றாம் பிரிவுக் கழகம் போர்ன்மத் அணியை 7–2 என்று உதைத்துத் தள்ளியது. அந்த ஏழு கோல்களில் இரண்டு ஜாக் லெஸ்லியுடையவை. வயது 24. அந்த மாதம்தான் அவர் இங்கிலாந்து அணிக்குத் தெரிவானதாகச் செய்தி வந்து ஊரே கொண்டாடியிருந்தது. பெல்ஃபாஸ்டுக்குப் போயிருக்க வேண்டியவர் பிளிமத்தில் நின்று கோல் அடித்துக்கொண்டிருந்தார். செய்தி வந்த சில நாட்களுக்குள்ளேயே அவருடைய பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டிருந்தது. அவருடைய தந்தை ஜமேக்காவில் பிறந்த கறுப்பினத்தவர்.

இந்தக் கதை இங்கே, திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழ்பவர்களுக்கு எதற்கு என்று கேட்கலாம். பிளிமத்தை ஒட்டியிருக்கும் டெவன்போர்ட், பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளங்களில் ஒன்று. அந்தக் காலத்துக் கடற்படையில் மாலுமிகள் எல்லாரும் சாத்தம், போர்ட்ஸ்மத், டெவன்போர்ட் என்ற மூன்று துறைமுகங்களில் ஒன்றின் கணக்கில் பதியப்பட்டார்கள். நம் உட்துறைமுகத்தில் நங்கூரமிட்ட கப்பல்களில் டெவன்போர்ட் கணக்கைச் சேர்ந்தவை பல. ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலைக் கட்டி முடித்தது டெவன்போர்ட் தளத்தில்தான். அது 1924இல் சேவைக்கு வந்தது. லெஸ்லி அந்த ஊரில் ஆடத் தொடங்கி மூன்றாவது ஆண்டு அது. அதே கப்பல் 1942 ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களின் குண்டுகளால் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று காலையில் நம் துறைமுகத்தின் மேலும் சீனக்குடாவின் மேலும் விழுந்த குண்டுகளைப் பற்றிப் பேசாத குடும்பம் இந்தப் பக்கத்தில் குறைவு. அதற்கு நான்கு நாள் முன்பு இலங்கைக்குத் தெற்கே மூழ்கிய கோர்ன்வால் கப்பலும் டெவன்போர்ட்டில் கட்டப்பட்டதுதான். கடலோடு போனவர்களில் பலரின் பெயர்கள் பிளிமத் நகரின் கடற்படை நினைவுச் சின்னத்தில் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆர்கைல் மைதானத்தின் படிகளில் நின்று லெஸ்லிக்குக் கைதட்டியவர்கள் அவர்களிலும் இருந்திருப்பார்கள்.

அந்தக் கைதட்டலிலிருந்துதான் தொடங்க வேண்டும். லெஸ்லியைப் பற்றி இன்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவருக்கு இழைக்கப்பட்ட அநீதியில் தொடங்கி அநீதியிலேயே முடிக்கிறார்கள். அவர் ஆடிய ஆட்டம் அதில் காணாமற் போகிறது. ஆட்டத்தைச் சொல்லாவிட்டால் அநீதியின் அளவும் விளங்காது.

ஆட்டம்

ஜோன் பிரான்சிஸ் லெஸ்லி 1901 ஓகஸ்ட் 17இல் கிழக்கு லண்டனின் கனிங் டவுனில் பிறந்தார். கப்பல் துறைகளும் ஆலைகளும் நெருங்கிய தொழிலாளர் குடியிருப்பு அது. தாய் ஆனி ஆங்கிலேயப் பெண். இளைஞன் லெஸ்லி பொயிலர் செய்யும் தொழிலைப் பழகினார். கூடவே பார்க்கிங் கழகத்துக்கு ஆடினார். அந்தக் கழகத்துக்காக அவர் அடித்த கோல்கள் 250ஐத் தாண்டும். 1921இல் பிளிமத் ஆர்கைல் முகாமையாளர் பொப் ஜாக் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக எடுத்துக்கொண்டார்.

அப்போது முன்வரிசையில் ஐந்து பேர் ஆடுவார்கள். இடது ஓரத்தில் ஓடுபவர் ஒருவர். அவருக்கும் நடு முன்வரிசைக்காரருக்கும் இடையே நிற்பவர் இன்சைட் லெஃப்ட். பந்தைப் பின்னாலிருந்து வாங்கி, ஓரத்துக்கும் நடுவுக்கும் பிரித்துக் கொடுத்து, வாய்ப்பு வந்தால் தானே அடிக்க வேண்டிய இடம். அணியின் மூளை அங்கேதான் இருந்தது. லெஸ்லியின் இடம் அதுவே. 1924இல் ஸ்கொட்லாந்திலிருந்து சாமி பிளாக் என்ற சின்ன உருவக்காரர் இடது ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். அதன் பிறகு பத்தாண்டுகள் அந்த இடது பக்கம் எதிரணிகளுக்குப் பெரும் தொல்லையாக இருந்தது. பிளாக் ஆர்கைலுக்கு அடித்த 180க்கும் மேற்பட்ட கோல்கள் அந்தக் கழகத்தில் இன்றும் எவராலும் எட்டப்படாதவை. ஓரத்தில் நின்று ஒருவர் அவ்வளவு அடித்தாரென்றால், பக்கத்தில் நின்று பந்து கொடுத்தவரின் தரம் என்னவென்று ஆட்டம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடுத்தவர் தாமும் 137 அடித்தார், 400 ஆட்டங்களில்.

1924 கோடையில் ஆர்கைல் தென்னமெரிக்காவுக்குக் கப்பலேறியது. ஆர்ஜென்டீனாவிலும் உருகுவேயிலும் ஆடித் திரும்பியது. மூன்றாம் பிரிவுக் கழகமொன்றை அவ்வளவு தூரம் அழைத்தார்கள் என்றால் அதன் பெயர் எட்டியிருந்த தூரமும் அதுதான்.

ஆனால் அந்தக் கழகத்துக்கு ஒரு தலைவிதி இருந்தது. மூன்றாம் பிரிவு தெற்கு, வடக்கு என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் முதலிடம் பெற்ற ஒரே ஒரு கழகம் மட்டும் இரண்டாம் பிரிவுக்கு ஏறலாம். 1921–22 முதல் 1926–27 வரை ஆறு பருவங்கள் தொடர்ந்து ஆர்கைல் இரண்டாமிடம். முதற் பருவத்தில் சவுத்தாம்டனும் ஆர்கைலும் 61 புள்ளிகளோடு சமமாக நின்றன. கோல் விகிதத்தில் சவுத்தாம்டன் ஏறியது. 1924–25இல் ஸ்வான்சியிடம் ஒரு புள்ளி, அடுத்த ஆண்டு ரெடிங்கிடம் ஒரு புள்ளி. ஆறு வருடம் கதவு வரை போய்த் திரும்பிய அணியில் ஒரு ஆட்டக்காரர் மனம் தளராமல் நின்றது எப்படியென்று எனக்கு வியப்பாகவே இருக்கிறது. வேறு கழகங்களுக்குப் போகாமல் லெஸ்லி அங்கேயே நின்றார். 1929–30இல் 68 புள்ளிகளோடு ஆர்கைல் முதலிடம் பெற்று மேலே ஏறியது. அந்த அணிக்கு லெஸ்லி கப்டனாகவும் இருந்திருக்கிறார். 1920களின் இங்கிலாந்தில் வெள்ளையர் அணியொன்றைக் கறுப்பினத்தவர் ஒருவர் மைதானத்துக்கு அழைத்து வந்தார் என்பதை நின்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

எதிரணி ஆட்டக்காரர்கள் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டு, காலை முறிப்பேன் என்று கத்துவார்கள் என்று லெஸ்லியே முதுமையில் நினைவுகூர்ந்திருக்கிறார். அதில் கெட்ட எண்ணம் இல்லை, தனக்குக் கோபம் மூட்டப் பார்த்தார்கள் அவ்வளவுதான் என்றும் சொன்னார். மன்னித்தது அவருடைய பெருந்தன்மை. கேட்டுக்கொண்டிருந்த நாம் அதைச் சிறிய விஷயம் என்று எடுத்துக்கொள்ள அது அனுமதியாகாது.

பட்டியல்

1925இல் உதைபந்தாட்டத்தின் விதியொன்று மாறியது. அதுவரை பந்தைப் பெறும் ஆட்டக்காரருக்கும் கோல் எல்லைக்கும் இடையே எதிரணியினர் மூவர் இருக்க வேண்டும். இனி இருவர் போதும் என்றார்கள். ஓஃப்சைட் பொறி வைத்தே பிழைத்த தடுப்பாளர்கள் தடுமாறினார்கள், கோல்கள் கொட்டின. அந்தப் பருவத்தில் ஆர்கைல் லீக்கில் நூறுக்கு மேல் அடித்தது. இடைவெளி பார்த்துப் பந்து கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு அது பொற்காலம். லெஸ்லி உச்சத்தில் இருந்தார். மூன்றாம் பிரிவிலிருந்து இங்கிலாந்து அணிக்கு ஆள் எடுப்பது அபூர்வம். ஆனாலும் அந்த ஒக்டோபரில் அழைப்பு வந்தது.

லெஸ்லியைத் தம் அறைக்குக் கூப்பிட்டுச் செய்தியைச் சொன்னவர் பொப் ஜாக். இங்கிலாந்து ஆட்டக்காரர் எப்படியிருப்பார் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அவருடைய மகன் டேவிட் ஜாக் 1923இல் வெம்ப்லி மைதானத்தின் முதல் கிண்ண இறுதியாட்டத்தில் முதற் கோலை அடித்தவர். அடுத்த ஆண்டு இங்கிலாந்துக்கும் ஆடினார். லெஸ்லி தெரிவானதைப் பத்திரிகைகள் அச்சிட்டன. சிறிய ஊர் அது, பெரிய செய்தி. பிறகு ஊரில் எல்லாரும் அதைப் பற்றிப் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள். அவராகவே கேட்க வேண்டியிருந்தது. இல்லை என்ற மட்டில் பதில் வந்தது. பத்திரிகையைத் திறந்தால் தன் பெயர் இல்லை. உதைபந்தாட்டச் சங்கத்தின் ஆட்கள் தன்னைப் பார்க்க வந்தார்கள் என்றும், பார்த்தது ஆட்டத்தையல்ல, முகத்தை என்றும் பின்னாளில் அவர் சொன்னார்.

அன்றைக்கு இங்கிலாந்து அணிக்குப் பயிற்சியாளரோ முகாமையாளரோ இல்லை. ஒரு தெரிவுக் குழு கூடி, பெயர்களை எழுதி அனுப்பும். அந்தக் குழுவில் எவரும் வெளியே வந்து காரணம் சொல்லவில்லை. கடிதம் இல்லை, விளக்கம் இல்லை, கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்றவர் இல்லை. ஒரு மனிதரின் வாழ்க்கையில் மிகப் பெரிய கதவு சத்தமில்லாமல் சாத்தப்பட்டது. வேறொரு ஆட்டத்துக்கும் அவர் அழைக்கப்படவில்லை.

தெரிவுப் பட்டியலில் இருந்த பெயர் காரணமின்றிக் காணாமற் போவதைப் பற்றி இந்தத் தீவில் வளர்ந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. புள்ளி போதும், ஆனால் இடம் இல்லை என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறைகள் நம் வீடுகளில் இருக்கின்றன. அதனால்தான் லெஸ்லியின் கதையைப் படிக்கும்போது தொலைவு குறைகிறது.

அதே காலத்தில் வேறு வழியும் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். பார்படோஸ்காரத் தந்தைக்குப் பிறந்த எடி பாரிஸ் என்ற ஆட்டக்காரரை 1931இல் வேல்ஸ் தன் தேசிய அணியில் இறக்கியது. பக்கத்து நாடு செய்ய முடிந்ததை இங்கிலாந்து செய்யவில்லை. 1936இல் கல்கத்தா முகமதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் முகமது சலீம் கிளாஸ்கோ போனார். காலில் துணி சுற்றிக்கொண்டு, சப்பாத்தில்லாமல், செல்டிக் கழகத்துக்காக இரண்டு ஆட்டங்கள் ஆடி ஸ்கொட்லாந்துக்காரர்களை வாய் பிளக்க வைத்தார். ஊர் நினைப்பு வாட்ட, திரும்பி வந்துவிட்டார். சீனத் தந்தைக்குப் பிறந்த ஃபிராங்க் சூ இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துக்கு ஒன்பது முறை ஆடினார். போர்க்கால ஆட்டங்கள் என்பதால் அவை முழுக் கணக்கில் சேரவில்லை. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் இங்கிலாந்தின் முதல் அணிக்கு முழுக் கணக்கில் ஆடியது 1978 நவம்பரில்தான். அவர் விவ் ஆண்டர்சன். லெஸ்லியின் பெயர் நீக்கப்பட்டு ஐம்பத்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. அப்போது லெஸ்லி உயிரோடு, லண்டனில், உதைபந்தாட்டக் கழகமொன்றில் வேலை செய்துகொண்டிருந்தார்.

சப்பாத்து அறை

அந்த இடத்துக்கு அவர் வந்து சேர்ந்த வழி நீண்டது. இரண்டாம் பிரிவில் ஆர்கைல் நன்றாகவே ஆடியது. 1932 ஜனவரியில் கிண்ணப் போட்டியில் மான்செஸ்டர் யுனைட்டெட்டை 4–1 என்று வென்றது. அடுத்த சுற்றில் லண்டனில் ஆர்சனலிடம் 65,000 பேருக்கு முன்னால் 4–2 என்று தோற்றது. அந்தக் காலத்துப் பந்து தோலால் ஆனது; வாய்ப்பகுதியை வாரால் இறுக்கிக் கட்டுவார்கள். மழையில் நனைந்தால் கல்லாகிவிடும். அப்படியொரு பந்தின் வார் லெஸ்லியின் கண்ணில் பட்டது. பார்வை பழுதானது. 1934 முடிவதோடு அவருடைய ஆட்டமும் ஏறத்தாழ முடிந்தது.

உச்சச் சம்பளம் அன்று வாரத்துக்கு 8 பவுண், கோடையில் 6. அதற்கு மேல் எந்தக் கழகமும் எவருக்கும் கொடுக்கக் கூடாது என்பது விதி. எவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கும் சேமிப்பு என்று பெரிதாக மிஞ்சாது. லெஸ்லி கோர்ன்வால் பக்கம் சிறிது காலம் மதுச்சாலை நடத்திப் பார்த்தார். பிறகு கிழக்கு லண்டனுக்கே திரும்பி, பழகிய பொயிலர் தொழிலில் சேர்ந்தார். கப்பல் தளத்தில் வேலை பார்த்தவர்கள் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அது என்ன வேலையென்று தெரியும். வெப்பமும் இரும்பும் சத்தமும் நிறைந்த வேலை. 1925இல் மணந்த மனைவி லவீனியா கூடவே இருந்தார். வெள்ளைப் பெண் கறுப்பினத்தவரை மணப்பதை அன்றைய சமூகம் எளிதில் ஏற்கவில்லை. அவர்களுடைய மணவாழ்க்கை கடைசி வரை நிலைத்தது.

அறுபது வயதைத் தாண்டிய பிறகு, சும்மா இருக்காமல் வெஸ்ட் ஹாம் கழகத்தில் ஏதாவது வேலை இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னவரும் மனைவிதான். அங்கே முகாமையாளர் ரொன் கிரீன்வுட். வந்தவர் யாரென்று அவருக்குத் தெரிந்திருந்தது. சப்பாத்து அறையில் வேலை கொடுத்தார். ஆட்டக்காரர்களின் சப்பாத்தைக் கழுவி, சேறு சுரண்டி, ஆணி சரிபார்த்து, அடுத்த ஆட்டத்துக்குத் தயாராக வைப்பது வேலை. பொபி மூர், ஜெஃப் ஹேர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ்: 1966இல் இங்கிலாந்துக்கு உலகக் கிண்ணம் வென்று கொடுத்த அணியின் கப்டன், இறுதியாட்டத்தில் மூன்று கோல் அடித்தவர், அதில் மற்றொரு கோலை அடித்தவர். மூவரும் வெஸ்ட் ஹாம்காரர்கள். மூவருடைய சப்பாத்தும் லெஸ்லியின் கையில் துடைபட்டது. பெர்மியூடாவிலிருந்து 1968இல் வந்து, ஆங்கில மைதானங்களில் வசைகளைக் கேட்டுக்கொண்டே கோல் அடித்த கறுப்பின இளைஞன் கிளைட் பெஸ்ட்டின் சப்பாத்தும்தான்.

அங்கிருந்த இளம் ஆட்டக்காரர்களில் பலருக்குத் தங்கள் சப்பாத்தைத் துடைக்கும் கிழவர் யாரென்று தெரியாது. அவரும் சொல்லித் திரியவில்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் வலிக்கும் இடம் பெல்ஃபாஸ்ட் அல்ல, இதுதான். இங்கிலாந்துச் சட்டை அணிந்த கால்களுக்குச் சப்பாத்துத் தயார் செய்தவர், அந்தச் சட்டை தனக்கு மறுக்கப்பட்டதை ஒரு குற்றச்சாட்டாகக்கூட வைக்காமல் வேலையைச் சுத்தமாகச் செய்தார். அந்த வேலையில் இழிவு எதுவும் இல்லை. ஆட்டத்தோடு இருக்க வேண்டும் என்ற ஆசையில் அவர் விரும்பித் தேடிய வேலை அது. இழிவெல்லாம் 1925இல் கதவைச் சாத்தியவர்களுடையது. எண்பது வயதை ஒட்டி ஓய்வு பெற்றார். 1988 நவம்பரில் காலமானார்.

எழுதி வைத்ததால்

இறந்த பிறகு அவருக்குக் கிடைத்தவை பல. 2020இல் பிளிமத் ரசிகர்கள் இருவர் அவருக்குச் சிலை வைக்க நிதி திரட்டத் தொடங்கினார்கள். ஒரு லட்சம் பவுணுக்கும் மேல் சேர்ந்தது. சிற்பி ஆண்டி எட்வர்ட்ஸ் வடித்த சிலை 2022 ஒக்டோபர் 7இல் ஆர்கைல் மைதானத்துக்கு வெளியே திறக்கப்பட்டது. தேசிய அணிக்கு ஆடுபவருக்கு இங்கிலாந்தில் ஒரு தொப்பி கொடுப்பது மரபு. 2023 மார்ச் 26, வெம்ப்லியில் இங்கிலாந்து உக்ரேனை எதிர்கொண்ட நாளில், லெஸ்லியின் குடும்பத்திடம் சங்கம் அந்தத் தொப்பியைக் கௌரவமாகக் கையளித்தது. தொண்ணூற்றேழு ஆண்டுகள் பிந்தி.

இது எப்படிச் சாத்தியமானது? தவறு செய்தவர்கள் ஒரு சொல்லும் பேசாமல் செய்து முடித்தார்கள். ஆனால் பத்திரிகைகள் அவருடைய பெயரை அச்சிட்டிருந்தன. ஆர்கைல் கழகத்தின் ஆட்டக் கணக்குகள் எஞ்சியிருந்தன: எந்த நாள், எந்த எதிரணி, யார் அடித்த கோல். அவரே வாய் திறந்து சொன்னதைப் பத்திரிகையாளர்கள் எழுதி வைத்தார்கள். அழிக்கப்பட்ட பெயரை மீட்டெடுக்க இந்தத் தாள்கள்தான் சாட்சி சொன்னன. தாள் இல்லாவிட்டால் சிலையும் இல்லை, தொப்பியும் இல்லை.

இந்த இடத்தில் நம் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. பிரித்தானியக் கடற்படை 1957இல் திருகோணமலையை விட்டுப் போனது. கப்பல் அணிகளின் ஆட்டத்தை வேலியோரம் நின்று பார்த்துக் கற்ற பையன்கள், பிறகு அவர்களுக்கு எதிராகவே ஆடியவர்கள், டொக்யார்ட்டில் பகலில் வேலை செய்து மாலையில் பந்தடித்தவர்கள் என்று ஒரு தலைமுறை இங்கே இருந்தது. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஏகாம்பரம் மைதானத்திலும் மக்கெய்சர் அரங்கிலும் ஆடினார்கள். கிண்ணியாவிலும் மூதூரிலும் இன்றும் பிள்ளைகள் பந்தோடுதான் வளர்கிறார்கள். கொழும்பு அணிக்குத் தெரிவாக வேண்டியவர் ஆகாமற் போனார் என்ற கதைகள் தேநீர்க் கடைகளில் இருக்கின்றன. தாளில் இல்லை. இடப்பெயர்வு, கலவரம், 2004 டிசம்பரின் கடல் என்று ஒவ்வொன்றாக வந்து வீட்டிலிருந்த பெட்டிகளையும் அல்பங்களையும் கொண்டுபோயின. 1957இல் பத்து வயதுப் பையனாக இருந்தவர் இன்று எண்பதை நெருங்குகிறார் அல்லது கடந்துவிட்டார்.

அப்பாவோ அப்பப்பாவோ பந்தோடு நிற்கும் படம் வீட்டில் இருந்தால் இந்த வாரமே வெளியே எடுங்கள். உவர்மலையில், உப்புவெளியில், சீனக்குடாவில், எங்கே இருந்தாலும். கழகத்தின் வரவு செலவுக் கொப்பி, ஆட்ட அறிவித்தல், கிண்ணத்தில் பொறித்த பெயர், எதுவானாலும் பயன்படும். மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்த்தி, படத்தில் இருப்பவர்களை இடமிருந்து வலமாகக் கேட்டு, பென்சிலால் பின்புறத்தில் எழுதுங்கள். யார் எந்த இடத்தில் ஆடினார், எந்த அணிக்கு எதிராக, எந்த ஆண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.